உடைந்த பிட் பேசும்

என் பணிமேசையின் கீழறையில் ஒரு தகர டப்பா இருக்கிறது. முப்பது ஆண்டு மரவேலையில் நான் உடைத்த பிட்டுகள், அதாவது திருகு முடுக்கக் கருவியின் வாயில் மாட்டும் எஃகு நுனிகள், அதில் கிடக்கின்றன. பாதிக்கு மேல், அடித்து அடித்துத் திருகு முடுக்கும் இம்பாக்ட் டிரைவர் வாங்கிய பிறகு சேர்ந்தவை. என் மனைவி அந்த டப்பாவுக்கு ‘மயானம்’ என்று பெயர் வைத்திருக்கிறாள். சென்ற இதழில் அதைப் பற்றி இரண்டு வரி எழுதினேன். வாசகர்கள் தங்கள் வீட்டு மயானக் கதைகளை எல்லாம் அனுப்பிவிட்டார்கள். இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் பதில். மர மெழுகு பற்றிக் கேட்டவர்கள் ஒரு மாதம் பொறுக்க வேண்டும்.

பேட்டரி டிரில்லில் ஆறு மாதம் உழைத்த, கூட்டல் குறி நுனி கொண்ட பிஎச் 2 பிட், இம்பாக்ட் டிரைவரில் மாட்டிய முதல் நாளே உடைந்துவிட்டது. ஒரே நாளில் மூன்று போயின. பெட்டியில் ‘எஸ் 2 எஃகு’ என்றுதான் போட்டிருக்கிறது. எந்த நிறுவனத்தின் பிட் வாங்கினால் உடையாது?
— அலமாரி பொருத்தும் வேலை செய்யும் வாசகர்

உடையாத பிட்டை யாரும் செய்வதில்லை தம்பி. செய்தால் அடுத்த ஆண்டு அவர்கள் எதை விற்பது? நீங்கள் நிறுவனத்தைக் கேட்கிறீர்கள். நான் கேட்பது, அந்த மூன்றும் எங்கே உடைந்தன என்று. கடிதத்தில் அது இல்லை. குப்பையில் போட்டிருக்காவிட்டால் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள்.

ஒரு சாக்பீஸை எடுத்து இரண்டு முனைகளையும் பிடித்து, வளைக்காமல் முறுக்குங்கள். உடைந்த இடம் நேராக இருக்காது. சுருள் படிக்கட்டு போலச் சாய்வாகச் சுற்றி ஓடும். இன்னொன்றை முறுக்காமல் வளைத்து உடையுங்கள். குறுக்கே நேராக உடையும். சூடாக்கித் தோய்த்துக் கடினமாக்கிய, அதாவது தோய்ச்சல் ஏற்றிய, எஃகும் ஏறக்குறைய இந்தச் சாக்பீஸைப் போலத்தான் சாகிறது. உங்கள் பிட்டின் உடைப்பு சாய்வாகச் சுற்றியிருந்தால் முறுக்கலில் போயிருக்கிறது. எஃகு இம்பாக்ட் அடிக்குத் தாங்கவில்லை. குறுக்கே நேராக இருந்தால், பெரும்பாலும் கருவியைச் சாய்த்துப் பிடித்திருக்கிறீர்கள். அலமாரியின் உள்மூலையில் கை நுழையாமல் சாய்த்துப் பிடிப்பது வழக்கம்தான். நானும் செய்திருக்கிறேன், என் டப்பாவில் சாட்சி கிடக்கிறது. கழுத்து உடையாமல், நுனியில் உள்ள நான்கு சிறகுகளும் கயிறு போல முறுக்கிக்கொண்டிருந்தால் எஃகு மென்மையானது. சிறகுகளின் ஓரம் மட்டும் மழுங்கியிருந்தால் எஃகைக் குறை சொல்ல வேண்டாம். திருகின் தலைக்குள் பிட் சரியாக உட்காராமல் வழுக்கி வழுக்கித் தேய்ந்திருக்கிறது.

இனி, டிரில்லில் பிழைத்தது இதில் ஏன் பிழைக்கவில்லை என்பதற்கு வருகிறேன். டிரில் ஒரே சீராகச் சுற்றும். தாங்க முடியாத அளவுக்குத் திருகு இறுகினால் கிளட்ச் நழுவும், அல்லது உங்கள் மணிக்கட்டு திருகும். இம்பாக்ட் டிரைவருக்குள் ஒரு சுருள்வில்லும், சுழலும் சுத்தியல் ஒன்றும், அது அடிக்கும் பட்டடை ஒன்றும் இருக்கின்றன. திருகு லேசாகப் போகும்வரை சுத்தியலும் பட்டடையும் ஒன்றாகவே சுற்றும். எதிர்ப்பு கூடியதும் சுத்தியல் வில்லை அழுத்திக்கொண்டு பின்வாங்கி, பட்டடையைத் தாண்டி, வேகமெடுத்து வந்து மறுபடி மோதும். நிமிடத்துக்கு 3,000-க்கும் மேற்பட்ட அடிகள் விழும். அதாவது வினாடிக்குக் குறைந்தது 50. சுவரில் துளை போடும் இயந்திரத்தைப் போல முன்னோக்கிக் குத்துகிற அடி அல்ல இது; சுற்றுகிற திசையிலேயே விழுகிற அடி. அதனால்தான் உங்கள் கைக்கு அது தெரிவதில்லை. கைக்குத் தெரியாததை எல்லாம் பிட்டின் கழுத்து வாங்கிக்கொள்கிறது.

எஸ் 2 என்பது அமெரிக்க எஃகு வகைப்பாட்டில் அதிர்ச்சி தாங்குவதற்கென்று உருவான எஸ் வரிசையைச் சேர்ந்தது. கார்பன் சுமார் அரை சதவீதம், சிலிக்கன் சுமார் ஒரு சதவீதம், கொஞ்சம் மாலிப்டினம். நல்ல எஃகுதான். ஆனால் பெயர் எஃகுக்கு, குணம் தோய்ச்சலுக்கு. ஒரே அரிசியில் இரண்டு பேர் வடித்தால் இரண்டு பதம் வருகிறதல்லவா? பிட்டுகளின் கடினத்தைப் பொதுவாக ராக்வெல் ‘சி’ அளவில் 58 முதல் 62 வரை என்று எழுதுகிறார்கள். எண் ஏற ஏறத் தேய்மானம் குறையும், நொறுங்கும் குணம் கூடும். டிரில்லுக்குச் சாதகமான கடினம் இம்பாக்டுக்குப் பாதகமாகிவிடும். சும்மா ‘எஸ் 2’ என்று எழுதியவர்கள் இந்தப் பேரத்தில் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று பெட்டி சொல்லாது.

ஆகவே பெயரை விட்டுவிட்டு உருவத்தைப் பாருங்கள். இம்பாக்டுக்கென்று செய்த பிட்டில் நடுப்பகுதி ஒடுங்கி, இடுப்பு மெலிந்திருக்கும். மெலிந்தது பலவீனம் என்று நினைத்து நானும் முதலில் ஒதுக்கினேன். உண்மையில் அந்த இடுப்புதான் ஒவ்வொரு அடிக்கும் இம்மி அளவு முறுக்கிக்கொண்டு, அடுத்த கணமே திரும்புகிறது. அடியின் கூர்மை அங்கே மழுங்கி, நுனிக்குத் தணிந்து போய்ச் சேர்கிறது. குட்டையாகத் தடித்த 25 மி.மீ. பிட்டுக்கு முறுக்கிக்கொள்ள நீளமே இல்லை. வருவதை எல்லாம் நுனியே வாங்கும். 50 மி.மீ. நீளத்தில், 6.35 மி.மீ. அறுகோணக் காலில் சுற்றிலும் பள்ளம் வெட்டியதாக வாங்குங்கள். அந்தப் பள்ளத்தில்தான் டிரைவரின் பூட்டுக் குண்டு உட்காரும். டிரைவருக்கும் பிட்டுக்கும் இடையில் ஹோல்டர் என்ற பிடிகுழாய் வேண்டாம். இன்னும் நீளமாக 150 மி.மீ. வாங்கினால் இன்னும் நல்லதல்லவா என்று எழுத வேண்டாம். அது ஆடும், ஆடினால் வழுக்கும். எட்டாத இடத்துக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியைத் திறந்த பிறகு ஒரு சோதனை உண்டு. பழைய அரம் ஒன்றால் பிட்டின் காலை லேசாக உரசிப் பாருங்கள். அரம் வழுக்கிக்கொண்டு போனால் தோய்ச்சல் ஏறியிருக்கிறது. துருவல் கொட்டினால் அதைத் திருப்பிக் கொடுக்க வழி தேடுங்கள்.

தங்க நிறப் பிட்டுகள் அதிகம் உழைக்கும் என்கிறார்களே, உண்மையா?
— ஒரு வாசகி

உண்மையான தங்க நிறம் என்றால் ஓரளவு உண்மை, அம்மா. அது டைட்டானியம் நைட்ரைடு பூச்சு. எஃகைவிடப் பல மடங்கு கடினம். ஆனால் சில மைக்ரான் கனம்தான், தலைமயிரின் தடிமனில் சிறு பகுதி. நுனி தேய்வதை அது தள்ளிப்போடும். கழுத்து முறிவதை அது தடுக்காது. எலும்பு முறிவுக்குச் சந்தனம் பூசினால் குளிர்ச்சியாக இருக்கும், அவ்வளவுதான். தங்க நிறச் சாயம் பூசியதும் கடைகளில் உண்டு. பத்துத் திருகு போட்டதும் நுனியில் வெள்ளையாக உரிந்துவிடும்.

வைரத் தூள் ஒட்டிய நுனி வேறு வகை. அது கடினத்துக்காக அல்ல, பிடிப்புக்காக. சொரசொரப்பு திருகின் தலையைக் கவ்விக்கொள்வதால் வழுக்கல் குறையும். ஏற்கெனவே தேய்ந்துபோன தலைகளைக் கழற்ற நான் ஒன்று வைத்திருக்கிறேன். மெருகேற்றிய பித்தளைத் திருகில் மட்டும் போட்டுவிடாதீர்கள், கீறிவிடும்.

என்ன அழுத்தினாலும் பிட் வழுக்குகிறது. ஸ்டார் திருகுகளில் பாதி தலை போய்விடுகின்றன. கை பலமில்லையா, பிட் சரியில்லையா?
— புதிதாகக் கருவி வாங்கிய வாசகர்

‘ஸ்டார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த ஸ்டார்? நம்மவர்கள் கூட்டல் குறி போட்ட தலையை ஸ்டார் என்கிறோம். ஆறு முனை கொண்ட உண்மையான நட்சத்திரத்தையும் ஸ்டார் என்கிறோம். கடையில் ஸ்டார் கேட்டு வீட்டுக்கு வந்து தலையில் அடித்துக்கொண்டவர்கள் எத்தனை பேர்! இனி எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

கூட்டல் குறியிலும் இரண்டு சாதி உண்டு. முதலாவது பிலிப்ஸ், பிட்டில் ‘பிஎச்’ என்றிருக்கும். ஹென்றி பிலிப்ஸ் 1936-இல் காப்புரிமை பெற்றது. பிட் தானாக நடுவில் போய் உட்காரும் என்பதால் தொழிற்சாலைகளுக்கு அது வரமாக இருந்தது. ஆனால் அதன் பள்ளத்துச் சுவர்கள் உள்நோக்கிச் சரிந்தவை. முறுக்கு கூடினால் பிட் அந்தச் சரிவில் ஏறி வெளியே வரப் பார்க்கும். நீங்கள் அழுத்த, அது ஏற, நீங்கள் இன்னும் அழுத்த, இப்படி ஒரு மல்லுக்கட்டு. வினாடிக்கு 50 அடி விழும்போது அது 50 முறை ஏறப் பார்க்கிறது. இரண்டாவது பொசிடிரைவ், ‘பிஇசட்’. சுவர்கள் ஏறக்குறைய நேரானவை, எனவே வழுக்கல் குறைவு. திருகின் தலையில் கூட்டல் குறியின் கைகளுக்கு இடையே, சாய்வாக நான்கு மெல்லிய கோடுகள் தெரிந்தால் அது பொசிடிரைவ்.

பொசிடிரைவ் திருகில் பிலிப்ஸ் பிட் நுழையும். நுழைகிறதே என்று போட்டால், உங்களுக்கு வந்த வினைதான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பல வீடுகளில் கூடம் நேராகத்தான் இருக்கிறது, பிட்தான் தப்பான எண். ஒரு எளிய சோதனை சொல்கிறேன். காந்தம் இல்லாத பிட்டின் நுனியில் திருகை மாட்டிப் படுக்கைவாட்டில் பிடியுங்கள். சரியான இணை என்றால் திருகு கொஞ்ச நேரமாவது அப்படியே நிற்கும், விரலால் தட்டினாலும் அதிகம் ஆடாது. கலகலவென்று ஆடினால் வேறு எண்ணைத் தேடுங்கள். 3.5 முதல் 5 மி.மீ. வரையிலான மரத் திருகுகளுக்கு இரண்டு சாதியிலும் 2-ஆம் எண்தான் பொருந்தும். ஜிப்சம் பலகைக்குப் போடும் கறுப்புத் திருகு பிஎச் 2.

என்னைக் கேட்டால், இம்பாக்ட் டிரைவர் வைத்திருப்பவர் கூட்டல் குறியோடு மல்லுக்கு நிற்பதையே விட்டுவிடலாம். ஆறு முனை டார்க்ஸ் திருகு 1967-இல் வந்தது. அதன் சுவர்கள் செங்குத்தானவை. முறுக்கு முழுவதும் சுற்றுகிற திசைக்கே போகிறது, பிட்டை வெளியே தள்ளும் விசை கிட்டத்தட்ட இல்லை. 4 மி.மீ. திருகுக்குப் பெரும்பாலும் டி 20, 5 மி.மீ.க்கு டி 25, 6 மி.மீ.க்கு டி 30. நான் மாறிய பிறகு பிட்டுகள் என் டப்பாவில் விழுவது வெகுவாகக் குறைந்தது. டார்க்ஸிலும் ஒரு வம்பு உண்டு: டி 25 பள்ளத்தில் டி 20 பிட் தளர்வாக நுழைந்து, சுற்றவும் செய்யும். இரண்டு இறுக்கமான திருகில் சிறகு போய்விடும். சதுரக் குழி வைத்த ராபர்ட்சன் திருகும் இப்படி வழுக்காத இனம்தான். 1908-இல் கனடாவில் பிறந்தது, இன்றும் அங்கேதான் அதற்குச் செல்லம் அதிகம்.

கை பலம் பற்றிக் கேட்டீர்கள். பலத்தைவிட நேர்கோடு முக்கியம். திருகு, பிட், முன்கை, முழங்கை நான்கும் ஒரே கோட்டில் இருக்கட்டும். உடம்பின் எடை அதன் பின்னால் சாயட்டும். விசையை மெல்லத் தொடங்குங்கள். திருகு மரத்தைக் கவ்விய பிறகு வேகம் கூட்டலாம்.

100 பிட் கொண்ட பெட்டி ஒன்று தள்ளுபடியில் கிடைக்கிறது. வாங்கலாமா?

இளம் வயதில் நானும் வாங்கினேன். அந்த நூற்றில் எனக்கு வேண்டிய பிஎச் 2 நான்கோ ஐந்தோதான். இரண்டாவது வாரத்தில் அவை தீர்ந்தன. மற்றவை பத்து ஆண்டுகள் பெட்டியில் பளபளத்துக்கொண்டிருந்தன. பூட்டுப் போட்ட கோயில் கதவைத் திறக்கும் எண் எல்லாம் அதில் இருந்தது. நீங்கள் எந்த இரண்டு எண்ணைத் தினமும் போடுகிறீர்களோ, அதில் மட்டும் பத்துப் பத்தாக நல்லதாக வாங்குங்கள். பிட் என்பது மரம் தேய்க்கும் தாளைப் போலத் தீர்ந்துபோகிற பொருள்தான். மழுங்கிய பிட்டை இன்னொரு நாள் ஓட்டுவதில் மிச்சமாவது ஒன்றுமில்லை. ஒவ்வொரு திருகின் தலையையும் அது கெடுத்துவிட்டுத்தான் போகும்.

காந்த ஹோல்டர் போட்டால் பிட் விழாமல் இருக்கிறது. ஆனால் சில வாரங்களில் ஹோல்டரே பிளந்துவிடுகிறது.
— மேற்கூரை வேலை செய்பவர்

கூரை மேல் நிற்பவருக்குக் காந்தம் தேவைதான், மறுக்க மாட்டேன். ஆனால் கைத் திருப்புளிக்கும் டிரில்லுக்கும் என்று செய்த மெல்லிய குழாய் ஹோல்டரை இம்பாக்டில் போட்டால் அறுகோணத்தின் மூலைகளில்தான் அடி விழும். அங்கேயே வாய் பிளக்கும். இம்பாக்டுக்கென்று தடித்த சுவரோடு செய்தவை உண்டு, அவற்றில் ஒன்றை வாங்குங்கள். தினமும் ஒருமுறை காந்தத்தின் முகத்தைத் துணியால் துடையுங்கள். இரும்புத் துகள் சேர்ந்துவிட்டால் பிட் முழு ஆழம் உட்காராமல் கோணலாக நிற்கும். பிறகு உடைந்தால் பிட்டைத் திட்டுவீர்கள்.

மழுங்கிய நுனியைச் சாணை பிடித்துத் திரும்பப் பயன்படுத்தலாமா?

தட்டை நுனி என்றால், பொறுமை இருந்தால், தண்ணீரில் அடிக்கடி தோய்த்துப் பிடிக்கலாம். கூட்டல் குறியைச் சாணையில் திரும்பச் செதுக்க முடியாது. நுனியைச் சற்றே தேய்த்துத் தட்டையாக்கினால் பள்ளத்தின் அடியில் போய் முட்டாமல் நிற்கும், சில வேளை உதவும், அவ்வளவுதான். ஆனால் நிறத்தைக் கவனியுங்கள். சூடேறி எஃகு நீலமாக மாறினால் ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸ் தொட்டுவிட்டது என்று பொருள். அந்த இடத்தில் தோய்ச்சல் இறங்கிவிட்டது. பார்க்க அழகாக இருக்கும். திருகில் வைத்தால் மெழுகு போல முறுக்கிக்கொள்ளும்.

கை உபகரணப் பெட்டியில் உள்ள பளபளப்பான சாக்கெட்டுகளை (நட்டு, போல்ட்டின் தலையைக் கவ்வும் குழாய்கள்) அடாப்டர் வைத்து இம்பாக்ட் டிரைவரில் போடுகிறேன். இதுவரை ஒன்றும் ஆகவில்லை.

இந்த ‘இதுவரை’ எனக்குப் பிடிக்கவில்லை. குரோமியப் பூச்சுப் போட்ட கைச் சாக்கெட் கடினமானது, சுவர் மெல்லியது. என்னுடைய 13 மி.மீ. சாக்கெட் ஒரு நாள் இரண்டாகப் பிளந்து, ஒரு சில்லு பின்னாலிருந்த பிளைவுட்டில் குத்தி நின்றது. என் கண் அந்தப் பிளைவுட்டுக்கு ஒரு சாண் இடப்பக்கம் இருந்தது. இம்பாக்டுக்கான சாக்கெட்டுகள் கறுப்பாக, தடித்த சுவரோடு, சற்றே மென்மையான குரோம்-மாலிப்டினம் எஃகில் வரும். அவற்றை வாங்குங்கள், வாங்கும்வரை கைச் சாவியால் திருகுங்கள். பிட்டோ சாக்கெட்டோ, கண்ணாடி அணியாமல் இந்தக் கருவியைத் தொட வேண்டாம். இதில் எனக்கு நகைச்சுவை வராது.

கடின மரத்தில் எந்தப் பிட்டும் நிற்பதில்லை. கருவியின் சக்தியைக் கூட்டலாமா?

துளையைக் கூட்டுங்கள். திருகின் மரையை விட்டுவிட்டு, நடுத்தண்டின் தடிமன் எவ்வளவோ ஏறக்குறைய அந்த அளவுக்கு முன்துளை போடுங்கள். மரையில் கொஞ்சம் மெழுகு தேயுங்கள். சோப்பு வேண்டாம், அது ஈரத்தை இழுத்துத் திருகைத் துருப்பிடிக்க வைக்கும். துளையும் மெழுகும் கிடைத்த திருகுக்கு இம்பாக்ட் பெரும்பாலும் அடிக்கவே வேண்டியிராது. கடைசி அரைச் சுற்றில் மட்டும் டகடகவென்று சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்து தலை அமர்ந்ததும் விரலை எடுத்துவிடுங்கள். அமர்ந்த பிறகும் அழுத்திக்கொண்டிருக்கும் இரண்டு வினாடியில் 100 அடி வீணாக விழுகிறது. திருகு நகராது; எது நகரும் என்று பிட் காட்டிக்கொடுக்கும்.

வீட்டில் புத்தக அலமாரி இணைக்கவும் கீல் மாட்டவும் இம்பாக்ட் டிரைவர் வாங்கலாமா?
— கல்லூரி ஆசிரியை ஒருவர்

வேண்டாம் அம்மா. மரத்தூள் பலகையில் கீல் திருகை இம்பாக்டால் போட்டால் மரை கழன்றுவிடும், துளைக்குத்தான் சொல்கிறேன். கிளட்ச் உள்ள சிறிய டிரில்லோ, நல்ல கைத் திருப்புளியோ போதும்.

பிட்டின் நுனி உடைந்து திருகின் தலைக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. காந்தத்துக்கு வரவில்லை.

ஆப்பு போல இறுகியிருக்கும், காந்தத்துக்கு வராது. கூரான கம்பி ஒன்றைத் துண்டின் ஓரத்தில் சாய்வாக வைத்து, சிறு சுத்தியலால், கழற்றும் திசையில் மெல்லத் தட்டுங்கள். மூன்று நான்கு தட்டலில் அசையும். திருகின் தலை வெளியே கொஞ்சமாவது நீண்டிருந்தால் பூட்டுக் கொறடால் கவ்வித் திருகோடு சேர்த்தே எடுத்துவிடலாம். எடுத்ததும் அந்தத் துண்டை உடைந்த பிட்டோடு சேர்த்துப் பொருத்திப் பாருங்கள், நேராகப் போயிருக்கிறதா, சுற்றிப் போயிருக்கிறதா என்று. தெரியாவிட்டால் ஒரு தாளில் வரைந்து அனுப்புங்கள்.